ஜப்பான் மீண்டும் கதவை மூடுகிறதா?

ஜப்பானைப் பற்றிய செய்திகளில் ஒரு பழைய சொல் அவ்வப்போது தலைகாட்டும்: 'சகோக்கு'. எழுத்துகளைப் பிரித்துப் பார்த்தால் முதலாவது சங்கிலி, இரண்டாவது நாடு. சங்கிலி போட்டுப் பூட்டிய நாடு என்று பொருள். கொவிட்-19 காலத்தில் ஜப்பான் தன் எல்லையை நீண்டகாலம் மூடி வைத்திருந்தபோது ஊடகங்கள் இந்தச் சொல்லைத் தூசு தட்டி எடுத்தன. 2025 ஜூலையில் நடந்த மேலவைத் தேர்தலில், 'ஜப்பானியருக்கே முதலிடம்' என்று முழங்கிய சன்செய்தோ கட்சி 14 இடங்களைக் கைப்பற்றியபோது மறுபடியும் அதே சொல். ஜப்பான் தன் பழைய குணத்துக்குத் திரும்புகிறது என்று பலர் முடிவுகட்டிவிட்டார்கள்.

ஆனால் அதே 2025ஆம் ஆண்டில்தான் ஜப்பானுக்குச் சென்ற வெளிநாட்டுப் பயணிகளின் எண்ணிக்கை முதன்முறையாக 40 மில்லியனைத் தாண்டியது. அங்கு வசிக்கும் வெளிநாட்டினரின் எண்ணிக்கையும் இதுவரை இல்லாத அளவுக்கு உயர்ந்தது. கதவை மூடும் நாட்டில் இவ்வளவு கூட்டம் எப்படி? பல்கலைக்கழகத்தில் கிழக்காசிய வரலாற்றுப் பாடம் எடுத்தபோது தொடங்கிய இந்தக் கேள்வி, ஒரு பருவம் முழுக்க என்னை விடவில்லை. 'மூடியதா, திறந்ததா' என்று கேட்டால் பாதி விஷயம் கண்ணில் படாமலே போய்விடுகிறது என்று இப்போது நினைக்கிறேன். கதவுக்கு யார் காவல், யார் எந்த வாசல் வழியாக வரலாம், வந்தவரை என்ன பெயர் சொல்லி அழைப்பது ஆகியவற்றைப் பற்றித்தான் அங்கு நானூறு ஆண்டுகளாகச் சண்டை நடக்கிறது.

முதலில் அந்தப் பழைய பூட்டைப் பார்ப்போம். 1630களில் தொக்குகாவா ஷோகுன் அரசு வரிசையாகச் சில ஆணைகளைப் பிறப்பித்தது. 1635ல் ஜப்பானியர் வெளிநாடு செல்வது தடைசெய்யப்பட்டது. போய்விட்டுத் திரும்பி வந்தால் மரண தண்டனை. 1637ல் ஷிமபாராவில் வெடித்த கிளர்ச்சியில் கிறிஸ்தவ விவசாயிகள் பெருமளவில் பங்கெடுத்ததால் அரசு மேலும் மிரண்டது. 1639ல் போர்ச்சுகீசியர் வெளியேற்றப்பட்டனர். 1641ல் டச்சுக்காரர்கள் நாகசாக்கி துறைமுகத்தில் இருந்த தெஜிமா என்ற செயற்கைத் தீவுக்கு மாற்றப்பட்டனர். விசிறி வடிவத்தில், ஏறக்குறைய இரண்டு காற்பந்துத் திடல்களின் அளவே இருந்த அந்தத் தீவை ஒரே ஒரு பாலம் ஊரோடு இணைத்தது.

இதோடு நிறுத்திக்கொண்டால் பூட்டிய நாடு என்ற படம் சரியாகத்தான் தெரியும். ஆனால் அந்த வீட்டுக்கு நான்கு வாசல்கள் இருந்தன. நாகசாக்கியில் டச்சுக்காரர்களோடு சீன வணிகர்களும் இருந்தார்கள். சுஷிமா தீவு வழியாகக் கொரியாவுடன் உறவு. தெற்கே சத்சுமா வழியாக ரியூக்யூ, அதாவது இன்றைய ஒக்கினாவா. வடக்கே மட்சுமாயே வழியாக ஐனு மக்கள். ஷோகுனுக்கு வணிகம் வேண்டும். தமக்குக் கீழிருந்த பிரபுக்கள் தனியே வணிகம் செய்து வலுப்பெறுவதுதான் வேண்டாம். வெளியுலகச் செய்தியும் அவருக்கு வேண்டும். அதனால் டச்சுக்காரர்கள் ஆண்டுதோறும் உலக நடப்பு அறிக்கை ஒன்றை எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. 1853ல் அமெரிக்கத் தளபதி பெர்ரி நான்கு போர்க்கப்பல்களுடன் வந்து நின்றது ஜப்பானுக்குப் பேரிடியாக இருந்தது என்று சொல்வார்கள். கரையில் நின்று பார்த்த மக்களுக்கு அப்படித்தான் இருந்திருக்கும். அரசுக்கோ, அப்படியொரு படை வரப்போகிறது என்று டச்சுக்காரர்கள் முந்திய ஆண்டே சொல்லிவிட்டார்கள்.

இடையில் ஒரு சின்னத் தகவல். அந்தக் காலத்து ஜப்பானில் 'சந்தோமே' என்று ஒரு கோடு போட்ட பருத்தித் துணிக்கு நல்ல மவுசு இருந்தது. சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிப் போன துணி அது. பெயர், சென்னை மயிலாப்பூரை ஒட்டிய சாந்தோமிலிருந்து வந்தது. பிறகு ஜப்பானியரே அதைப்போல் நெய்யக் கற்றுக்கொண்டார்கள். பூட்டிய நாட்டுக்குள் துணி மட்டுமல்ல, ஊர்ப்பெயரும் போய்ச் சேர்ந்திருக்கிறது.

இன்னொரு வேடிக்கை, 'சகோக்கு' என்ற சொல்லே அந்த ஆணைகளைப் போட்டவர்களுக்குத் தெரியாது என்பது. 1690களின் தொடக்கத்தில் தெஜிமாவில் மருத்துவராக இருந்த ஜெர்மானியர் எங்கெல்பெர்ட் கெம்ப்ஃபர் ஜப்பானைப் பற்றி எழுதிய கட்டுரையை, நாகசாக்கி மொழிபெயர்ப்பாளர் ஷிசுக்கி தடாவோ 1801ல் டச்சு மொழியிலிருந்து பெயர்த்தார். அப்போது அவர் உருவாக்கிய சொல்தான் இது. கதவை மூடி வைத்திருப்பது ஜப்பானுக்கு நல்லது என்றே கெம்ப்ஃபர் வாதிட்டிருந்தார். ஆக, ஒரு வெளிநாட்டவர் தங்களைப் பார்த்து எழுதியதைப் படித்த பிறகுதான் ஜப்பானியர் தங்களுக்கு அந்தப் பெயரை வைத்துக்கொண்டார்கள்.

இது ஏதோ வரலாற்றாசிரியர்களின் தனி அக்கறை என்று நினைத்துவிட வேண்டாம். 2017ல் ஜப்பானின் கல்வி அமைச்சு பள்ளிப் பாடத்திட்டத்தைத் திருத்தியபோது, 'சகோக்கு' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'ஷோகுன் அரசின் வெளியுறவுக் கொள்கை' என்ற பொருள்படும் தொடரைப் போட முன்வந்தது. ஆய்வாளர்கள் பலகாலமாகச் சொல்லிவந்த திருத்தம்தான் அது. ஆனால் பொதுமக்கள் கருத்துக் கேட்டபோது எதிர்ப்பு கிளம்பியது. சில வாரங்களில் அமைச்சு பழைய சொல்லையே திரும்ப வைத்துவிட்டது. 'நாங்கள் ஒருகாலத்தில் தனித்திருந்தோம்' என்ற நினைவு, அது முழு உண்மையா இல்லையா என்பதையும் தாண்டி, மக்களுக்கு வேண்டியிருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது. சிலருக்கு அது பின்தங்கிய காலம். சிலருக்கு அமைதியும் தன்னிறைவும் இருந்த காலம். ஒரே சொல்லை இரு தரப்பும் பிடித்துக்கொண்டிருக்கின்றன.

அந்தப் பூட்டு சாதாரண மனிதரை என்ன செய்தது என்பதற்கு ஒரு சாட்சி நம் சிங்கப்பூரிலேயே இருக்கிறது. ஒத்தோகிச்சி என்ற பதின்ம வயதுப் பையன் வேலை செய்த சரக்குக் கப்பல் 1832ல் எடோவுக்குப் போகும் வழியில் புயலில் சிக்கியது. ஓராண்டுக்கும் மேலாகப் பசிபிக் பெருங்கடலில் அடித்துச் செல்லப்பட்டு, 1834ல் அமெரிக்கக் கண்டத்தின் மேற்குக் கரையில் ஒதுங்கியபோது உயிரோடு இருந்தவர்கள் மூவர். லண்டன், மக்காவ் என்று சுற்றி, 1837ல் 'மோரிசன்' என்ற அமெரிக்க வணிகக் கப்பலில் அவர் மற்ற ஜப்பானியருடன் தாய்நாட்டுக்குத் திரும்பினார். கரையிலிருந்து பீரங்கிக் குண்டுகள்தான் வரவேற்றன. தெற்கே போய் மறுபடி முயன்றார்கள். அங்கும் அதேதான். பின்னாளில் பிரிட்டிஷ் கடற்படைக்கு மொழிபெயர்ப்பாளராக அவர் நாகசாக்கி சென்றார். ஊர் திரும்பவில்லை. 1862ல் சிங்கப்பூரில் குடியேறி, பிரிட்டிஷ் குடிமகனாகி, 1867ல் இங்கேயே இறந்தார். சிங்கப்பூரில் வாழ்ந்த முதல் ஜப்பானியர் என்று கருதப்படுபவர் அவர்தான். ஐரோப்பாவுக்குச் சென்ற ஜப்பானியத் தூதுக்குழு 1862ல் இங்கு நின்றபோது, பிற்காலத்தில் 10,000 யென் தாளில் முகம் பொறிக்கப்பட்ட ஃபுகுசாவா யுக்கிச்சி அவரைச் சந்தித்தார். ஒத்தோகிச்சியின் எச்சங்கள் 2004ல் இங்குள்ள இடுகாட்டில் அடையாளம் காணப்பட்டு, அஸ்தியில் ஒரு பகுதி 2005ல் அவருடைய சொந்த வட்டாரத்துக்குச் சென்றது. வெளிநாடு செல்லும் தடை நீக்கப்பட்டது 1866ல், அவர் இறப்பதற்குச் சற்று முன்னர்.

எல்லாரும் ஒரே கருத்தோடு இருந்தார்கள் என்பதும் இல்லை. 'அந்நியரை விரட்டு' என்று கிளம்பிய இளம் சாமுராய்களில் இத்தோ ஹிரோபுமியும் ஒருவர். 1863 ஜனவரியில் எடோவில் கட்டப்பட்டுக்கொண்டிருந்த பிரிட்டிஷ் தூதரகத்துக்குத் தீ வைத்த கூட்டத்தில் அவர் இருந்தார். அதே ஆண்டில், சட்டத்தை மீறி ரகசியமாகக் கப்பலேறி லண்டனுக்குப் படிக்கப் போனார்! 1885ல் ஜப்பானின் முதல் பிரதமரும் ஆனார். லண்டனுக்குப் போனபோது அவருக்கு இருபத்தோரு வயது, ஏறக்குறைய என் வயது. தீ வைத்ததையும் படிக்கப் போனதையும் அவர் முரணாகப் பார்க்கவில்லை. நாட்டைக் காப்பாற்ற வேண்டும், அதற்கு எது உதவுமோ அது. திறப்பும் மூடலும் இரு வேறு மனிதர்களின் கொள்கைகள் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு இந்த வாழ்க்கை வரலாறு நிறையப் புரியவைத்தது.

அதன்பின் 'நாட்டைத் திறப்பது' என்பது அரசியல்வாதிகளுக்கு ஒரு பெருமைச் சொல்லாகிவிட்டது. மெய்ஜி காலம் முதல் திறப்பு, போருக்குப் பிந்திய காலம் இரண்டாவது, இனி மூன்றாவது திறப்பு என்று 2011ல் அன்றைய பிரதமர் நவோத்தோ கான் பேசினார். அவர் பேசியது பெரும்பாலும் வணிக ஒப்பந்தங்களை. பொருளுக்குத் திறப்பது எளிது. மனிதர்களுக்குத் திறப்பதில்தான் இடறல்.

2024ல் ஜப்பானில் பிறந்த ஜப்பானியக் குழந்தைகள் 686,061 பேர் மட்டுமே. 700,000க்குக் கீழே போனது அதுவே முதன்முறை. முதியோரைப் பராமரிக்கவும், வயலில் அறுவடை செய்யவும், கட்டுமானத் தளத்தில் நிற்கவும் ஆள் இல்லை. அந்த அக்டோபர் நிலவரப்படி வெளிநாட்டு ஊழியர்கள் சுமார் 2.3 மில்லியன். ஆண்டிறுதியில் வெளிநாட்டுக் குடியிருப்பாளர் மொத்தம் ஏறக்குறைய 3.77 மில்லியன், மக்கள்தொகையில் சுமார் 3 விழுக்காடு. பத்தில் மூவர் நிரந்தரவாசம்கூட இல்லாத வெளிநாட்டவராக இருக்கும் சிங்கப்பூரிலிருந்து பார்க்கும்போது 3 விழுக்காடு மிகச் சிறிய எண்ணாகத் தெரியலாம். ஜப்பானுக்கு அது வேகமான மாற்றம்.

ஆனால் அரசு அவர்களுக்குக் 'குடியேறிகள்' என்று பெயர் வைக்க மறுத்துவந்தது. 'நாங்கள் குடியேற்றக் கொள்கையைப் பின்பற்றவில்லை' என்று ஷின்சோ அபே பிரதமராக இருந்தபோது திரும்பத் திரும்பச் சொன்னார். முன்வாசலைத் திறக்காமல் பக்கவாசல்கள் திறந்தன. 1990ல் பிரேசிலில் இருந்த ஜப்பானிய வம்சாவளியினருக்கு ஒரு வாசல். 1993ல் 'தொழில்நுட்பப் பயிற்சியாளர்' என்ற வாசல். வளரும் நாடுகளுக்குத் திறன் கற்றுக்கொடுப்பது என்பது பெயர், ஆள் பற்றாக்குறையை அடைப்பது நடப்பு. பயிற்சியாளர் என்பதால் முதலாளியை மாற்ற முடியாது. சம்பளம் தராவிட்டாலும் அடித்தாலும் அங்கேயே இருக்க வேண்டும், இல்லையேல் ஓடிப்போய்ச் சட்டவிரோதியாக வேண்டும். மாணவர் விசாவும் ஒரு வாசல்தான்; வாரத்துக்கு 28 மணி நேரம் வேலை செய்யலாம். தோக்கியோவில் நள்ளிரவில் கடைக்குப் போனால் கல்லாவில் நிற்பவர் பெரும்பாலும் நேப்பாளத்து அல்லது வியட்னாமிய மாணவர். 2019ல் 'குறிப்பிட்ட திறன்' விசா வந்தது. இத்தனை வாசல்களையும் வரிசையாகப் பார்த்தபோது எனக்கு நாகசாக்கி, சுஷிமா, சத்சுமா, மட்சுமாயே என்ற பழைய நால்வாசல்தான் நினைவுக்கு வந்தது.

இதற்கு ஒரு விலை உண்டு. அரசு பேசாத விஷயத்தை வேறு யாராவது பேசத்தான் செய்வார்கள். 2020ல் தொடங்கி யூடியூப் வழியாக வளர்ந்த சன்செய்தோ அதைத்தான் செய்தது. 'உங்களிடம் கேட்காமலே நாட்டை மாற்றுகிறார்கள்' என்பது அதன் வாதத்தின் சாரம். வெளிநாட்டினருக்குச் சலுகை கொட்டிக் கொடுக்கப்படுகிறது, குற்றம் பெருகிவிட்டது என்ற பேச்சுகள் தேர்தல் நேரத்தில் சமூக ஊடகங்களில் பறந்தன. வெளிநாட்டினர் தொடர்பான குற்ற வழக்குகளோ 2005ஐ ஒட்டிய உச்சத்தைவிட இன்று குறைவு. இத்தனைக்கும் அங்கு வாழும் வெளிநாட்டினர் தொகை அன்றிலிருந்து ஏறத்தாழ இரட்டிப்பாகிவிட்டது. ஆனாலும் அந்தப் பேச்சு எடுபட்டது. விகிதாசார வாக்குகளில் அக்கட்சிக்கு ஏறத்தாழ 7.4 மில்லியன் கிடைத்தன.

அந்த வாக்காளர்களை இனவெறியர் என்று ஒரே வார்த்தையில் ஒதுக்க எனக்கு மனமில்லை. யென் மதிப்பு சரிந்து, அரிசி விலை ஓராண்டில் ஏறக்குறைய இரண்டு மடங்காகி, சம்பளம் மட்டும் நின்ற இடத்தில் நிற்கும்போது, தங்கள் நாடு வெளிநாட்டவருக்கு 'மலிவு' ஆகிவிட்டதைப் பார்க்க யாருக்கும் கசக்கும். 2024 மே மாதம் ஃபுஜிகவாகுச்சிகோ நகரில், ஒரு லாசன் கடைக்கு மேலே ஃபூஜி மலை தெரியும் காட்சியைப் படமெடுக்கக் கூடிய கூட்டத்தைச் சமாளிக்க முடியாமல், நகர மன்றம் இரண்டரை மீட்டர் உயரத்துக்குக் கறுப்புத் திரை கட்டி மலையையே மறைத்தது. சில மாதங்களில் திரை அகற்றப்பட்டது. அந்தக் கூட்டத்தில் சிங்கப்பூரர் யாரும் இல்லை என்று நம்மால் சத்தியம் செய்ய முடியுமா?

எனக்குக் கவலை தந்தது வேறொரு சம்பவம். 2025 ஆகஸ்ட்டில் ஆப்பிரிக்க வளர்ச்சி மாநாட்டின்போது, ஜப்பானின் அனைத்துலக ஒத்துழைப்பு அமைப்பான ஜைக்கா, நான்கு ஜப்பானிய நகரங்களை நான்கு ஆப்பிரிக்க நாடுகளின் 'சொந்த ஊர்' என்று அறிவித்தது. கிசராசுவுக்கு நைஜீரியா, இமாபாரிக்கு மொசாம்பிக், சஞ்சோவுக்கு கானா, நகாயிக்குத் தான்சானியா. கலாசாரப் பரிமாற்றம்தான் நோக்கம். நைஜீரிய அரசாங்கத் தரப்பு இதற்காகச் சிறப்பு விசா வருகிறது என்று தவறாக அறிவித்துவிட, நகரத்தையே ஆப்பிரிக்கர்களுக்குக் கொடுக்கப் போகிறார்கள் என்று வதந்தி பரவியது. நைஜீரியா தன் அறிவிப்பைத் திருத்திக்கொண்டது. ஜப்பானிய அரசும் மறுத்தது. நகர மன்றங்களில் தொலைபேசி மணி ஓயவில்லை. செப்டம்பர் 25ஆம் தேதி ஜைக்கா திட்டத்தையே கைவிட்டது. விசா இல்லை, குடியேற்றம் இல்லை, ஒரு பெயர் மட்டுமே இருந்த திட்டம் ஒரு மாதத்துக்குச் சற்று மேல்தான் தாங்கியது.

ஆளும் தரப்பும் காற்று வீசும் பக்கம் சாய்கிறது. அக்டோபரில் பிரதமரான சனாயே தகாய்ச்சி வெளிநாட்டினர் விவகாரத்துக்குத் தனி அமைச்சரை நியமித்தார். அதே மாதம், வெளிநாட்டவர் ஜப்பானில் தொழில் தொடங்குவதற்கான விசாவுக்குத் தேவையான மூலதனம் 5 மில்லியன் யென்னிலிருந்து 30 மில்லியன் யென்னாக உயர்ந்தது. மறுபக்கம், ஊழியர் வாசல் அகலமாகிறது. பழைய பயிற்சியாளர் திட்டத்துக்குப் பதிலாக 2027 ஏப்ரலில் புதிய திட்டம் வருகிறது. அதில் ஓரிரு ஆண்டுகளுக்குப் பிறகு அதே துறையில் வேறு முதலாளியிடம் மாறலாம். நல்ல திருத்தம். ஆனால் அவர்கள் அங்கேயே வாழ வந்தவர்கள் என்று இன்னும் யாரும் வாய்திறந்து சொல்லவில்லை. அதிகாரபூர்வக் கணிப்பு ஒன்று, 2070ல் மக்கள்தொகை 87 மில்லியனாகச் சுருங்கும், அதில் பத்தில் ஒருவர் வெளிநாட்டவராக இருப்பார் என்கிறது.

எங்கள் பல்கலைக்கழகத்துக்கு மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் வந்த தோழி ஒருத்தி இபராக்கி வட்டாரத்தைச் சேர்ந்தவள். அங்கு வயல் வேலைக்கு வெளிநாட்டு ஊழியர்கள் நிறைய. கோப்பிக் கடையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது, தன் வீட்டில் கடப்பிதழ் எடுத்த முதல் ஆள் தான்தான் என்றாள். எனக்கு நம்ப முடியவில்லை. பிறகு பார்த்தால், ஜப்பானியரில் 17 விழுக்காட்டினரிடம்தான் கடப்பிதழ் இருக்கிறதாம். உலகின் ஆக வலுவான கடப்பிதழ்களில் ஒன்று அது! அவளுடைய அண்ணன் சன்செய்தோ காணொளிகளை விரும்பிப் பார்ப்பார். பாட்டியைப் பராமரிப்பு இல்லத்தில் பார்த்துக்கொள்பவர் மியன்மாரைச் சேர்ந்த பெண். அவர் விடுப்பில் போனால் பாட்டி சாப்பிட மறுக்கிறார். அந்தப் பெண்ணைப் பற்றி அண்ணனுக்கு ஒரு குறையும் இல்லை. 'அவர் வேறு, அவர்கள் வேறு' என்பாராம்.

இந்த விவகாரம் நம் போன்ற மாணவர்களுக்குத் தூரத்துச் செய்தி அல்ல. 2033க்குள் 400,000 வெளிநாட்டு மாணவர்களை ஈர்ப்பது, 500,000 ஜப்பானிய மாணவர்களை வெளியே அனுப்புவது என்று ஜப்பான் இலக்கு வைத்திருக்கிறது. 2024 செப்டம்பரில் சுக்குபா பல்கலைக்கழகம் கோலாலம்பூரில், மலாயாப் பல்கலைக்கழக வளாகத்திலேயே கிளை தொடங்கியது. 1982ல் மகாதீர் அறிவித்த 'கிழக்கை நோக்கும்' கொள்கையின்கீழ் மலேசிய மாணவர்கள் ஜப்பானுக்குப் போனார்கள். இப்போது ஜப்பானியப் பல்கலைக்கழகம் இங்கே வருகிறது. அழைப்பு உண்மையானதுதான்.

ஆனால் வாசலின் சாவி அவர்களிடம் இருக்கிறது என்பதை மறந்துவிடக் கூடாது. கொவிட்-19 காலத்தில் எல்லா நாடுகளும் எல்லையை மூடின. நம் ஜோகூர் பாலமே இரண்டு ஆண்டுகள் வெறிச்சோடிக் கிடந்தது. ஜப்பானில் வித்தியாசம் என்னவென்றால், 2020 ஏப்ரலிலிருந்து சில மாதங்களுக்கு, வெளியே போயிருந்த நிரந்தரவாசிகள்கூடப் பல நாடுகளிலிருந்து வீடு திரும்ப முடியவில்லை. ஜப்பானியக் கடப்பிதழ் வைத்திருந்தவர்கள் திரும்பினார்கள். கிருமிக்குக் கடப்பிதழ் தெரியாது. 2021 நவம்பர் இறுதியில் மீண்டும் கதவு மூடப்பட்டபோது, யோமியுரி நாளிதழின் கருத்துக்கணிப்பில் 89 விழுக்காட்டினர் அதை ஆதரித்தார்கள். வெளியே சுமார் 150,000 மாணவர்கள் காத்திருந்தார்கள்.

அவர்களில் ஒருவர் எனக்குத் தெரிந்த அக்கா. ஜப்பானில் முதுநிலைப் படிப்புக்கு இடம் கிடைத்து, உபகாரச் சம்பளமும் உறுதியாகி, மூன்று பருவங்கள் தன் அறை மேசையிலிருந்தே வகுப்பில் உட்கார்ந்தார். ஆய்வுக்கூடத்தைக் கண்ணால் பார்க்கவே இல்லை. கடைசியில் விட்டுவிட்டு, அப்போது மாணவர்களை அனுமதித்துக்கொண்டிருந்த சோலுக்குப் போய்விட்டார். இன்றும் அவருடைய ஜப்பானிய மொழி என்னுடையதைவிடப் பலமடங்கு நன்றாக இருக்கும்.

அடுத்த கல்வியாண்டில் ஒரு பருவம் ஜப்பானில் படிக்க நான் விண்ணப்பிக்கிறேன். படிவத்தைச் சரிபார்த்துத் தரச் சொல்லி அக்காவுக்கு அனுப்பியபோது, ஜப்பானைப் பற்றி அவர் ஒரு குறையும் சொல்லவில்லை. இரண்டாவது தெரிவு என்ற கட்டத்தை ஏன் காலியாக விட்டிருக்கிறாய் என்று மட்டும் கேட்டார். தைவான் என்று நிரப்பியிருக்கிறேன்.